நீலக் கோட்டின் முனையில் ஒரு பெயர்

போன மாதம் என் மகள் ஹாலின் நடுவில் நின்றுகொண்டு போனை நீட்டிப் பிடித்தாள். வெறும் சிமெந்துத் தரையில், திரைக்குள் மட்டும், ஒரு பச்சை சோபா வந்து உட்கார்ந்தது. "பாருங்கப்பா, வாங்குறதுக்கு முன்னாலேயே வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம்" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு சோபாவைப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாத மனுஷன் என்று தாயிடம் குறை சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். இல்லாத ஒன்றை இருக்கிற இடத்தின் மேல் தூக்கி வைத்துக் காட்டும் இந்த வித்தையை நான் 2008-லேயே மாத்தளை வீதியில் பார்த்துவிட்டேன். அதற்குள் ஒரு பொய்யை எழுதி வைத்தவனும் நான்தான். அந்தக் கதையை முழுசாக என் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

நான் அரசாங்கத்தின் தண்ணீர் கந்தோரில் படவரைஞனாக இருந்தவன். எந்த வீதிக்கு அடியில் எந்த பைப் ஓடுகிறது, எத்தனை அங்குலம், எந்த வீட்டுக்கு எங்கே கிளை பிரிகிறது என்று வரைந்து வைப்பது என் வேலை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் டிரேசிங் துணியில் கறுப்பு மையால் வரைவோம். கிளை பைப் முடிகிற இடத்தில் விண்ணப்பம் போட்டவரின் பெயரை எழுதுவோம். எழுதினால் எழுதியதுதான். ஆள் செத்தாலும், வீட்டை விற்றாலும் பெயரை அழிக்கமாட்டோம். பிளேடால் சுரண்டினால் துணி கிழிந்துவிடும். இணைப்பைத் துண்டித்தால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவதோடு சரி.

என் அப்பா வடக்கிலிருந்து அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக மாத்தளைக்கு வந்தவர். அக்காவும் நானும் இங்கேதான் பிறந்தோம், இங்கத்துப் பேச்சைத்தான் பேசினோம். அப்பா மட்டும் கடைசிவரை வடக்குப் பேச்சை விடவில்லை, வடக்கு வழக்கத்தையும் விடவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்கவேண்டும். அதற்காகப் பிரதான வீதிக்கு மேலே ஏறும் சின்னத் தெருவில் பன்னிரண்டு பேர்ச் காணி வாங்கி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, எண்பத்து மூன்று வைகாசியில் ஒரு வீட்டை முடித்தார். மூன்று அறை, முன்னால் ஒரு விறாந்தை. மாப்பிள்ளை கண்டியில் வங்கி உத்தியோகத்தர். ஆவணியில் கல்யாணம். காணிப் பத்திரமான உறுதியைக் கல்யாணத்தன்று அக்கா பெயருக்கு மாற்றிக் கொடுப்பதாகப் பேச்சு.

புது வீடு. நகரசபை இலக்கம் இன்னும் கொடுக்கவில்லை, கரண்ட் இன்னும் இழுக்கவில்லை. தண்ணீர் மட்டும் வந்துவிட்டது, நான் அந்தக் கந்தோரில் இருந்தபடியால். விண்ணப்பத்தை அப்பாதான் என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, மாப்பிள்ளையின்ர பேரிலயே போடு. நாளைக்கு அவர் வந்து இருக்கப்போற வீடு. தண்ணி அவரின்ர பேரில வந்தா அவருக்கும் ஒரு மரியாதை" என்றார். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்பிள்ளையிடம் கேட்டுச் செய்கிற பழக்கம் அப்பாவுக்கு எந்த விஷயத்திலும் இருந்ததில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, என் கையெழுத்தின் மேல் எனக்கே ஒரு மயக்கம். துணியில் அந்த மனுஷனின் முழுப் பெயரையும் அழகாக எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன்.

அந்த வருஷ ஆடிக் கலவரத்தில் ஊரில் எங்கள் ஆட்களின் வீடுகளை எரித்தார்கள், அந்தப் புது வீட்டையும்தான். கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த அலுமாரி, அதற்குள் இருந்த கூறைச்சேலை, காணி உறுதி, எல்லாம் ஒரு பின்னேரத்தில் போயிற்று. நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபடியால் உயிர் தப்பினோம். இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "தற்போதைய சூழ்நிலையில்" என்று தொடங்கியது. சூழ்நிலையாம்! கொடுக்க வீடு இல்லை என்று தெரிந்தவுடன் சூழ்நிலை வந்துவிட்டது. அந்த ஆள் கடல் தாண்டிப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அக்கா கடிதத்தை அடுப்பில் போட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. அடுத்த வருஷம் அப்பா கண்ணை மூடினார். அக்கா வேறு கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, மாத்தளையிலேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, வாடகை அறை மாறி வாடகை அறையாக இருந்தாள். என்னை வேறு மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். இருபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தேன்.

அதற்குள் அந்தக் காணியில் ஒரு வியாபாரி மதில் கட்டி, பிறகு மூன்று மாடி எழுப்பி, கீழே ஹாட்வெயார் கடை போட்டிருந்தார். அவர் எந்த இனத்து ஆள் என்று கேட்காதீர்கள். அந்த வருஷம் எரிந்த காணிகளைப் பிடித்தவர்களில் எல்லா ஆட்களும் இருந்தார்கள், எங்கள் ஆட்களும்தான். அவரிடம் ஓர் உறுதி இருந்தது. எண்பத்து இரண்டிலேயே அப்பா அதை வெறுங்காணியாகத் தனக்கு விற்றுவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து என்று ஒரு கிறுக்கல். பதிவகத்து ஏட்டிலும் அது எப்படியோ ஏறியிருந்தது. எண்பத்து இரண்டில் விற்றவர் எண்பத்து மூன்றில் அதே இடத்தில் மகளுக்கு வீடு கட்டுவாரா? அக்கா இதைத்தான் கேட்டாள். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் தைரியம் வந்து கோர்ட்டுக்குப் போனாள். "வீடா? அங்கே எப்போது வீடு இருந்தது?" என்று மறுதரப்புச் சட்டத்தரணி சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கப்பலேறிவிட்டார்கள். வழக்கு ஆறு வருஷம் தவணை தவணையாக இழுபட்டது. எங்கள் லோயர் ஒவ்வொரு தவணையிலும் ஒரே பாட்டைப் பாடுவார்: "டீச்சர், எண்பத்து மூணுல அந்த எடத்துல வீடு இருந்துச்சுன்னு கவர்மெண்டு கடதாசி ஒண்ணு கொண்டாங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

அந்தக் கடதாசி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கந்தோர் ஸ்டோர் அறையில், மரப்பெட்டிக்குள், சுருட்டி வைத்த துணியில், என் கையெழுத்தில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அக்காவின் வீட்டு இணைப்புக்கு அந்த ஆளின் பெயர் இருப்பதை அவளுக்கு எப்படிக் காட்டுவது? தவிர, அந்தப் பெயர் வெளியே வந்தால் வீடு அந்த ஆளுடையது என்று கோர்ட் சொல்லிவிடும் என்று நானாகவே முடிவு செய்தேன். லோயரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பைப் வரைகிறவனுக்குச் சட்டம் தெரியுமென்று நினைத்தேனே, அந்தத் திமிரை என்ன சொல்ல?

இந்த நேரத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது.

வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று. ஒரு வெள்ளைக்காரப் பெண், முப்பது வயதிருக்கும், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரி, அதைக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் அப்பியாசக் கொப்பி அளவுக்குத் திரை, பின்னால் கேமரா, மேலே சட்டலைட்டைப் பிடிக்கக் காளான் மாதிரி ஒரு குமிழ். வீதியை நோக்கித் தூக்கிப் பிடித்தால் திரையில் அதே வீதி தெரியும். போகிற பஸ்ஸும் தெரியும், படுத்திருக்கும் நாயும் தெரியும். அதற்கு மேல், தாரைப் பிளந்துகொண்டு, பைப்புகள் நீலக் கோடுகளாக ஓடும். பெட்டியைத் திருப்பினால் கோடுகளும் சேர்ந்து திரும்பும். கிளை பிரிகிற இடத்தில் வீட்டுக்காரரின் பெயர் காற்றில் நிற்கும். மரத்துக்குக் கீழே போனால் கோடு இரண்டு அடி தள்ளி நடுங்கும்; வானம் திறந்திருந்தால் சரியாக நிற்கும். கசிவு ஒன்றைத் தேட மூன்று இடத்தில் தோண்டிய எங்கள் ஆட்கள் அதை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் தோண்டினார்கள். வேலைக்கு நல்ல சாமான்தான், பொய் சொல்லக்கூடாது.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வரும் தொழிலாளி ஒருத்தர், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தப் பொட்டிய ஒரு நாளைக்கு எங்கிட்ட தாங்க. எம் பொஞ்சாதி மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு பாத்துட்டுத் தந்துர்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். வெள்ளைக்காரிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அந்த வாரமே போய்விட்டது. மணிக்கூட்டுச் சந்தியில் பெட்டியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீப் ஒன்று நின்றது. "மேக்க மொகக்த?" என்று சிங்களத்தில், இது என்னவெனக் கேட்டு, ஒரு பொலிஸ்காரர் பெட்டியைப் பிடுங்கினார். என்னவென்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டார். தமிழன், கேமரா, சட்டலைட், தண்ணீர் பைப். சண்டைக் காலத்தில் சந்தேகப்பட வேறென்ன வேண்டும்! பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரியை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், என்னைச் சுவரோரம் குந்த வைத்தார்கள். கந்தோர் இஞ்சினியர் கடிதத்தோடு வந்து சேரப் பின்னேரமாயிற்று. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகத் தண்ணீர் வேலை பார்த்த மனுஷன் நான்.

இஞ்சினியர் நல்ல மனுஷர், சிங்களவர், பயந்த சுபாவம். மறுநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமேல் நீங்கள் பெட்டியைத் தொடவேண்டாம். உள்ளே இருந்து படத்தை ஏற்றுங்கள், போதும்." ஆக, வெளியே பிடிக்க நான் ஆகாது, உள்ளே எழுத மட்டும் நான் வேண்டும். பழைய துணிகளையெல்லாம் விரித்து, ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். செத்த இணைப்புகளை விட்டுவிடச் சொன்னார். எண்பத்து மூன்றில் துண்டித்த இணைப்புகள் மட்டும் ஒரு துணியில் நாற்பதுக்கு மேல் இருந்தன. குறுக்குக் கோடு போட்ட அந்தப் பெயர்கள் எல்லாம் எங்கள் ஆட்களின் பெயர்கள். பட்டறைக்காரர், நகைக்கடைக்காரர், எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். ஒன்றொன்றாகத் தாண்டிப் போனேன்.

அக்காவின் வீடு வந்தது. விரல் நின்றுவிட்டது.

துணியில் என்றால் சுரண்டவேண்டும், கிழியும், ஊருக்கே தெரியும். கம்ப்யூட்டரில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு பெயர். எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். கம்ப்யூட்டர் ஏன் என்று கேட்காது. பகல் சாப்பாட்டுக்கும் போகாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த வீடு யாருக்காகக் கட்டியது? அக்காவுக்காக. அப்படியானால் அக்காவின் பெயர்தானே உண்மை? அப்பா செய்த பிழையை மகன் திருத்துகிறான், இதில் என்ன குற்றம்? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாகப் பேசி, கடைசியில் அந்தக் கட்டத்துக்குள் அக்காவின் பெயரை அடித்தேன். குறுக்குக் கோட்டையும் போடவில்லை. அவள் வீட்டுக்கு உயிர் கொடுத்தேன்.

பெரிய அதிகாரிகளுக்குப் பெட்டியைக் காட்டும் நாள் குறித்தார்கள். மரமில்லாத, வானம் திறந்த தெரு ஒன்றைச் சொல்லுங்கள் என்று இஞ்சினியர் கேட்டார். நான் அந்தத் தெருவைச் சொன்னேன். அக்காவிடம் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே வரும்படி சொல்லி வைத்தேன். இருபத்தைந்து வருஷமாக அவள் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவாள். அதிகாரிகள் பார்த்துவிட்டு, பிளேன்டி குடிக்கப் போன நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குடா இங்க வரச் சொன்ன? கடைக்காரன் பாக்குறான்."

"பாக்கட்டும். அந்த அம்மா கையில இருக்கிறதக் கொஞ்சம் பாருங்க அக்கா."

வெள்ளைக்காரி சந்தோஷமாகத் தள்ளி நின்று இடம் கொடுத்தாள். திரையில் ஹாட்வெயார் கடை தெரிந்தது. சிமெந்து மூட்டைகள், பெயின்ட் டின்கள், பாதி இறக்கிய ஷட்டர். வீதியின் நடுவிலிருந்து ஒரு நீலக் கோடு பிரிந்து, படிக்கட்டைத் துளைத்து, சிமெந்து மூட்டைகளுக்குள் புகுந்து போயிற்று. அதன் முனையில், ஆங்கில எழுத்தில், அக்காவின் பெயர் நின்றது. அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள்.

"ஐயோ... என் பேருடா!"

சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "தம்பி, இங்கதான்டா குசினி இருந்துச்சு. கோடு சரியா அங்கதான் போகுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா என் பேர்லயா தண்ணி எடுத்தாரு?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"எனக்குச் சொல்லவே இல்லையே! அவரை நான் எவ்வளவு திட்டியிருக்கேன், தெரியுமா? ஒரு நாளாவது என்னை ஒரு ஆளா மதிச்சிருக்காரான்னு..." நடுத்தெருவில், கடைக்காரன் பார்க்கப் பார்க்க, என் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். வெள்ளைக்காரிக்குக் கை வலித்திருக்கும். பெட்டியை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வாழ்நாளில் அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தவன் நான் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. தூ!

அடுத்த வாரம் கம்ப்யூட்டரிலிருந்து படத்தை அச்செடுத்து, எண்பத்து மூன்றாம் வருஷத் துணியிலிருந்து எடுத்தது என்று கீழே அடித்து, இஞ்சினியரிடம் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் எதையும் வாசித்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. லோயர் அதைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "டீச்சர், இது வந்துருச்சுல்ல, இனி அவங்க வாயே திறக்க ஏலாது" என்றார். அக்கா அன்றைக்கு மாரியம்மனுக்கு மாலை வாங்கிச் சாத்தினாள். வீடு கிடைத்தால் கடையை என்ன செய்வது, மேல் மாடியில் தான் இருக்கலாமா, எனக்கு ஓர் அறை ஒதுக்கலாமா என்றெல்லாம் பேச ஆரம்பித்தாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுதரப்புச் சட்டத்தரணி வாயைத் திறந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மூலப்படம் எங்கே?"

துணியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும்படி கந்தோருக்கு ஓலை வந்தது. அடுத்த தவணைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஸ்டோர் அறைச் சாவி என் மேசை லாச்சியில்தான் கிடந்தது. துணியை எடுத்து எங்கேயாவது எரித்துவிட்டிருக்கலாம். அக்காவிடமாவது முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் எனக்கு நெஞ்சுரம் இல்லை. தினமும் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். யாரும் துணியைக் கவனித்துப் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. மடையன்!

தவணை நாள் வந்தபோது வடக்கில் நடந்த சண்டை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாத்தளை முழுக்கக் கொடி. கோர்ட் வாசலில் வெடி கொளுத்திய குப்பை இன்னும் கிடந்தது. தமிழ் ஆட்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு உள்ளே போனோம். அக்கா சாட்சிக் கூண்டில் நின்றாள். இஞ்சினியர் மரப்பெட்டியிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தார். மறுதரப்புச் சட்டத்தரணி அதை மேசையில் விரித்து, விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, அந்தப் பெயரை உரக்க வாசித்தார்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அக்காவின் காதில் அந்தப் பெயர் அப்படித்தான் விழுந்தது. வெளியாள் வாயால், நூறு பேர் முன்னால்.

"இந்த ஆளைத் தெரியுமா?"

"தெரியும்."

"யார்?"

அக்கா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பாத்த மாப்பிள்ளை."

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

"அச்செடுத்த படத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. துணியில் இவர் பெயர் இருக்கிறது. எது உண்மை?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூண்டில் ஏறவேண்டியது நான் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஏறினேன். துணியை எழுதியது நான், கம்ப்யூட்டரில் மாற்றியதும் நான் என்று சொன்னேன். நீதிபதி பேனையை வைத்தார். அச்செடுத்த படம் பொய்ச் சாட்சியம், அதே கை எழுதிய துணியையும் இனி நம்புவதற்கில்லை என்றார். வழக்கைத் தள்ளிவிட்டார். என் மேல் கந்தோர் விசாரணை வந்தது, அந்த வருஷமே வீட்டுக்கு அனுப்பினார்கள். அது கிடக்கட்டும், அது எனக்கு வரவேண்டியதுதான்.

வெளியே வந்ததும் லோயர் கையிலிருந்த வழக்குக் கோவையைச் சுவரில் அடித்தார். "என்னங்க காரியம் செஞ்சிருக்கீங்க? யார் பேரா இருந்தா என்னங்க? எண்பத்து மூணு வைகாசியில அந்த எடத்துல ஒரு வீடு இருந்துச்சுன்னு துணி சொல்லுது. அது ஒண்ணே போதுமே! எண்பத்து ரெண்டுல வெறுங்காணின்னு எழுதின உறுதிய அப்பவே கிழிச்சிருப்பேனே! மாப்பிள்ளை பேரு ஏன்னு கேட்டா, எங்க வழக்கம் அப்படின்னு டீச்சர் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. ஆறு வருஷமா அது ஒங்க கந்தோர்லதான் கெடந்துச்சா?" என்றார். நான் ஆமென்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படியில் நின்றாள். அழவில்லை. கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ எழுதும்போதே ஒனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும் அக்கா."

"அன்னைக்கு ரோட்டுல வச்சுக் கேட்டேன். ஆமான்னு சொன்ன."

"நீங்க சந்தோஷப்பட்டீங்க."

தம்புள்ளைப் பக்கமிருந்து மரக்கறி லொறி ஒன்று கொடி கட்டிக்கொண்டு ஹோன் அடித்தபடி போயிற்று. அது போனதும் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அவன் பேர எங்கிட்ட மறைச்ச. சரி. எம் மனசு நோகும்னு மறைச்ச. வீட்டையும் எதுக்குடா சேத்து மறைச்ச?"